எண்ணா, எழுத்தா?

கட்டத்தை நிரப்பியதும் கம்ப்யூட்டர் முதலில் கேட்கும் கேள்வி இது. சின்னக் கேள்விதான். ஆனால் சம்பளமும் நிலமும் சொந்தப் பெயரும்கூட இதில் மாட்டிக்கொள்கின்றன.

பெங்களூருவின் எஸ்.டி.டி. குறியீடு 080. இதைக் கம்ப்யூட்டர் அட்டவணை ஒன்றில் எண் என்று பதிவு செய்தால் மிஞ்சுவது 80. முன்னால் இருந்த பூஜ்யத்தை இயந்திரம் விழுங்கிவிடும். அதன் கணக்கில் தப்பே இல்லை. 080 ரூபாயும் 80 ரூபாயும் ஒன்றுதானே? ஆனால் வெளியூரிலிருந்து பெங்களூரு வீட்டுத் தொலைபேசியை அழைப்பவருக்கு அந்தப் பூஜ்யம் இல்லாமல் இணைப்பு கிடைக்காது.

இந்தியாவின் சாஃப்ட்வேர் தலைநகரில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ளும் எவரும் ஆரம்பத்திலேயே முட்டிக்கொள்ளும் பாடம் இது. எதிரில் இருப்பவர் தட்டியது எண்ணா, எழுத்தா? பாடப்புத்தகம் இதை ஒரு பக்கத்தில் முடித்துவிடும். வங்கிக் கவுன்டரிலும் தாலுகா அலுவலகத்திலும் விசா வரிசையிலும் அது அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை. எது எண், எது எழுத்து என்று முடிவு செய்பவர், கட்டத்தை நிரப்பப் போகிறவர்களை அறியாதவராக இருந்தால், தவறே செய்யாதவர் மீது 'தவறு' என்ற முத்திரை விழுகிறது.

இரண்டு ஒன்றுகள்

விசைப்பலகையில் 1 என்ற பொத்தானை அழுத்தினால், ஒன்று என்ற மதிப்பு அப்படியே கம்ப்யூட்டருக்குள் போய்விடுவதில்லை. போவது அந்தக் குறியின் அடையாளம். 1963ல் வெளியான ஆஸ்கி என்ற அமெரிக்கத் தர அட்டவணைப்படி '1' என்ற குறிக்கு அடையாளம் 49. பெரிய 'ஏ' எழுத்துக்கு 65. ஆக, கம்ப்யூட்டருக்கு இரண்டு விதமான ஒன்றுகள் உண்டு. மதிப்பான ஒன்றோடு ஒன்றைக் கூட்டினால் 2. குறியான ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தால் 11.

இன்று கல்லூரிகளில் பரவலாகக் கற்பிக்கப்படும் பைத்தான் மொழியில், தட்டியது எதுவானாலும் முதலில் எழுத்துச் சரமாகவே வந்து சேரும். அதை எண்ணாக மாற்று என்று புரோகிராமர் கட்டளையிட வேண்டும். வயது கேட்ட இடத்தில் ஒருவர் 'முப்பது' என்று தட்டியிருந்தால் மாற்ற வழியில்லை. புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். அப்படி நின்றுபோகாமல், 'இலக்கத்தில் எழுதுங்கள்' என்று திருப்பிக் கேட்கவைப்பதற்குத்தான் சோதனை.

சோதனை புதிதல்ல. 1959ல் உருவாகத் தொடங்கிய கோபோல் மொழியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்கூட்டியே ஓர் அடையாளம் கொடுத்தாக வேண்டும். இலக்கம் மட்டும் என்றால் 9, எழுத்து மட்டும் என்றால் 'ஏ', எதுவும் வரலாம் என்றால் 'எக்ஸ்'. ஆண்டுக்கு இரண்டே இலக்கம் ஒதுக்கிவைத்த பழைய புரோகிராம்கள் 2000ஆம் ஆண்டில் தடுமாறிவிடும் என்று உலகம் அஞ்சியபோது, அவற்றைப் பிரித்துத் திருத்தும் வேலை 1990களின் இறுதியில் இந்திய நிறுவனங்களுக்கு வந்து குவிந்தது. ஒரு கட்டத்துக்குள் என்ன வரலாம், எத்தனை இலக்கம் வரலாம் என்ற கேள்வியில் பெங்களூரு கணிசமாகவே சம்பாதித்தது.

கூட்டிப் பார்த்தால் தெரியும்

எண்ணைப் பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. இரண்டைக் கூட்டிப் பார்ப்பது. இரண்டு பேருடைய சம்பளத்தைக் கூட்டினால் பொருள் இருக்கிறது. இரண்டு பேருடைய பின்கோடைக் கூட்டினால் எந்த ஊரும் வராது. செல்போன் எண், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் எல்லாமே அப்படித்தான். எண் என்ற பட்டம் மட்டும் உண்டு, வேலையெல்லாம் பெயருடையது. இவற்றை எண்ணாகச் சேமிப்பதால்தான் முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகின்றன. எக்ஸெல் அட்டவணை 15 இலக்கங்களுக்கு மேல் துல்லியம் காப்பதில்லை. எனவே 16 இலக்கக் கார்டு எண்ணை அப்படியே தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். சத்தமில்லாமல்.

நிலத்தின் கதை இன்னும் சுவையானது. கர்நாடக அரசின் 'பூமி' திட்டம் 2001 வாக்கில் 67 லட்சம் விவசாயிகளின் சுமார் 2 கோடி நில ஆவணங்களைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தது. தாலுகா அலுவலகங்களில் 15 ரூபாய்க்கு ஆவண நகல் கிடைக்கத் தொடங்கியது. நிலத்தின் அடையாளம் சர்வே எண். ஆனால் சொத்து உட்பிரிவாகும்போது 45 என்பது 45/2 ஆகிறது, பிறகு 45/2ஏ ஆகிறது. தமிழ்நாட்டுப் பட்டாவிலும் இதே கதைதான். அண்ணன் தம்பிகள் பாகம் பிரியப் பிரிய எண் எழுத்தாகிக்கொண்டே போகிறது. 'எண்' என்ற பெயரை நம்பி அந்தக் கட்டத்தில் இலக்கம் மட்டும் அனுமதித்தால் தம்பியின் நிலத்துக்கு இடமில்லை. பூமியில் சர்வே எண்ணுக்கும் ஹிஸ்ஸா எனப்படும் உட்பிரிவுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு.

தலைகீழ்த் தவறும் நடக்கிறது. 5/3 என்ற கதவு எண்ணை எக்ஸெல் அட்டவணையில் தட்டினால் அது மார்ச் 5 ஆகிவிடும். விஞ்ஞானிகளும் இதில் தப்பவில்லை. 'மார்ச்1', 'செப்ட்2' என்று சுருக்கப் பெயர் கொண்ட மனித ஜீன்களை எக்ஸெல் தேதிகளாக மாற்றிவந்தது. எக்ஸெல் வடிவில் ஜீன் பட்டியல் இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்த வகைப் பிழை இருந்ததை 2016ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கடைசியில் பணிந்துபோனது மனிதர்கள்தான். ஜீன்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழு அந்த ஜீன்களின் பெயரையே மாற்றிவிட்டதாக 2020ல் அறிவித்தது.

வட்டம் செய்த வம்பு

பணம் அனுப்புகிறவர்களுக்கு ஐ.எஃப்.எஸ்.சி. பழக்கமானது. வங்கிக் கிளையைக் குறிக்கும் 11 இடக் குறியீடு. முதல் நான்கு இடங்களில் ஆங்கில எழுத்துகள், கடைசி ஆறு இடங்கள் கிளைக்கு. இடையில் ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம். நான்கு எழுத்துகளைத் தொடர்ந்து வரும் அந்த வட்டத்தை, கண் சும்மா இருக்காமல் ஐந்தாவது எழுத்தாகவே படிக்கிறது. விரல் 'ஓ' பொத்தானை அழுத்துகிறது. அந்த இடத்தில் பூஜ்யத்தைத் தவிர வேறு எதுவும் வர முடியாது என்பது புரோகிராமருக்குத் தெரியும். அக்கறை உள்ளவர், 'ஓ' வந்தால் பூஜ்யமா என்று கேட்டுத் திருத்தும்படி எழுதுகிறார். அக்கறை இல்லாதவரின் திரை 'செல்லாத குறியீடு' என்று சிவப்பில் சொல்லிவிட்டு நின்றுகொள்கிறது. வண்டிப் பதிவு எண் வரிசைகளில் 'ஐ', 'ஓ' என்ற இரு எழுத்துகளையும் தவிர்ப்பது இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான்.

வடிவம் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று, பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட கனரா வங்கியோடு இணைந்தது. அதன் பழைய கிளைக் குறியீடுகள் 2021 ஜூன் 30 வரைதான் செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. மறுநாள் காலையில் அந்தக் குறியீடுகளின் தோற்றத்தில் எந்த மாற்றமும் இல்லை. நான்கு எழுத்து, ஒரு பூஜ்யம், ஆறு இலக்கம். எண்ணா எழுத்தா என்ற பரீட்சையில் நூற்றுக்கு நூறு. ஆனால் அந்த முகவரியில் வங்கி இல்லை.

இந்த நுணுக்கங்களின் விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டரைத் தொடாதவர்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்த ஊரக வேலை உறுதித் திட்டத்தில், கூலி நேராக வங்கிக் கணக்குக்குப் போகத் தொடங்கிய பிறகு, கணக்கு எண்ணிலோ கிளைக் குறியீட்டிலோ பிழை இருந்தால் பணம் வந்த வழியே திரும்பியது. பதிவேட்டில் 'நிராகரிக்கப்பட்டது' என்ற சொல் மட்டும் மிஞ்சியது. தட்டியவர் வேறு யாரோ. வெயிலில் மண் சுமந்தவருக்கு, எந்த இலக்கத்தால் கூலி நின்றது என்று அறியக்கூட வழியில்லை.

தட்டும்போதே பிழையைப் பிடிக்க முடியாதா? முடியும். ஆதார் அதற்கு உதாரணம். 2009ல் நந்தன் நிலேகனி தலைமையில் தொடங்கிய ஆணையம் தன் தொழில்நுட்ப மையத்தைப் பெங்களூருவில் அமைத்தது. முதல் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் டெம்ப்ளி கிராமத்தில் வழங்கப்பட்டது. ஆதாரின் 12 இலக்கங்களில் உண்மையான அடையாளம் 11 மட்டுமே. பன்னிரண்டாவது, முன்னால் உள்ள பதினொன்றைக் கொண்டு கணக்கிடப்படும் காவல் இலக்கம். டச்சுக் கணித அறிஞர் ஜேக்கபஸ் வெர்ஹோஃப் 1969ல் வெளியிட்ட முறை அது. ஏதாவது ஓர் இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும், உடனே காட்டிக்கொடுக்கும். எண் பூஜ்யத்திலோ ஒன்றிலோ தொடங்காது என்பதும் விதி. பூஜ்யத்தை விழுங்கும் பேச்சுக்கே அங்கே இடமில்லை.

கப்பலை நிறுத்திய பூஜ்யம்

தட்டியது எண்தான் என்று உறுதியான பின்பும் ஆபத்து விலகுவதில்லை. 1997 செப்டம்பர் 21 அன்று அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்ற போர்க்கப்பல் வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் செயலிழந்து நின்றது. சிப்பந்தி ஒருவர் தகவல் கட்டம் ஒன்றில் 0 என்று பதிந்தார். பூஜ்யம் ஓர் எண்தான். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. பிறகு அதால் இன்னொரு எண்ணை வகுக்கப் போனது. எதையும் பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்பது பள்ளிக்கூடப் பாடம். கப்பலின் கம்ப்யூட்டர் வலையமைப்பே குலைந்து, எஞ்சின்கள் சுமார் 2 மணி 45 நிமிடம் நின்றுபோயின.

2005 டிசம்பர் 8 அன்று டோக்கியோவில் மிசுஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனத்தில் நடந்தது இன்னும் விலை உயர்ந்த பாடம். ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டிய உத்தரவு, 6,10,000 பங்குகளைத் தலா ஒரு யென்னுக்கு விற்கும் உத்தரவாகப் பதிவானது. இரண்டு கட்டங்களிலும் எண்களே இருந்தன. இடம் மட்டும் மாறிவிட்டது. நஷ்டம் சுமார் 4,000 கோடி யென். எண்ணா என்று கேட்டால் போதாது. இந்த இடத்தில் இந்த எண் நியாயமா என்றும் கேட்க வேண்டும்.

தேறாத 'தமிழ்'

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களுக்கு ஒப்பிட்ட வள்ளுவரின் மொழியில் இரண்டும் உருவத்திலேயே உறவுக்காரர்கள். க என்ற எழுத்தும் ௧ என்ற ஒன்றும் பார்வைக்கு ஒன்றே. உ-வும் ௨ என்ற இரண்டும் அப்படி. அ-வும் ௮ என்ற எட்டும் அப்படி. ஓலையில் படித்தவர் இடம் பார்த்துப் பொருள் கொண்டார். கம்ப்யூட்டருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லாததால், உலக மொழிகளுக்கெல்லாம் குறியீடு தரும் யூனிகோட் தரம் இரண்டுக்கும் வெவ்வேறு இடம் கொடுத்திருக்கிறது. கண்ணுக்கு ஒன்று, இயந்திரத்துக்கு இரண்டு.

இங்கே வேடிக்கை ஆரம்பமாகிறது. ௧௨ என்று தட்டினால் பைத்தான் அதைப் பன்னிரண்டு என்று ஏற்கும். வலைப்பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட், அது எண்ணே இல்லை என்று சொல்லிவிடும். பழைய தமிழ் முறைப்படி பத்துக்கான ௰ குறியையும் இரண்டையும் சேர்த்து ௰௨ என்று எழுதினால் பைத்தானும் கைவிரிக்கும். பழைய முறையில் இல்லாத தமிழ்ப் பூஜ்யம் யூனிகோடில் சேர்ந்தது 2005ல்தான். கன்னட இலக்கங்களின் நிலையும் இதுதான். கர்நாடக அரசுப் பேருந்துகளில் இன்றும் கண்ணில் படும் அந்த இலக்கங்கள், ஒரு புரோகிராமில் எண்ணாகவும் மற்றொன்றில் வெறும் கோலமாகவும் நிற்கின்றன.

எழுத்தின் கதை இதைவிட வருத்தமானது. 'இதில் உள்ளவை எல்லாம் எழுத்துகள்தானா?' என்று கேட்கப் பைத்தானில் ஒரு தயார்ச் சோதனை இருக்கிறது. ஆங்கிலச் சொற்கள் அதில் சுலபமாகத் தேறும். 'தமிழ்' தேறாது. மகர இகரத்தின் கொக்கியும் ழகரத்தின் புள்ளியும் யூனிகோட் பட்டியலில் எழுத்துகளாக இல்லை. எழுத்தோடு ஒட்டும் குறிகளாக இருக்கின்றன. எனவே 'பல' தேறும், 'சில' தேறாது. 'மர' தேறும், 'மரம்' தேறாது. கன்னட லிபியில் எழுதிய 'கன்னட' என்ற சொல்லுக்கும் அதே கதி. இடையில் உள்ள ஒற்று அதைக் கவிழ்த்துவிடுகிறது. தமிழ்ப் பெயர்களையும் கன்னடப் பெயர்களையும் வாங்கும் படிவத்தில் யோசிக்காமல் இந்தச் சோதனையை வைத்தால், மாலாவும் முருகனும் எழுத்தில்லாத பெயர்க்காரர்களாகிவிடுவார்கள்.

இனிஷியலுக்கு இடமில்லை

ஆங்கிலத்தில் எழுதினாலும் தொல்லை தீர்வதில்லை. தமிழர் பெயரில் இனிஷியல் உண்டு. இனிஷியலுக்குப் பின் புள்ளி உண்டு. எழுத்து மட்டும் என்று விதி வைத்த கட்டம் புள்ளியைக் கண்டதும் முகம் சுளிக்கிறது. அதைத் தாண்டினால் 'குடும்பப் பெயர்' என்ற கட்டாயக் கட்டம். குடும்பப் பெயர் வழக்கமே இல்லாத குடும்பங்களில் ஒருவர் அப்பா பெயரை எழுதுகிறார், ஒருவர் இனிஷியலை விரித்து எழுதுகிறார், ஒருவர் சொந்தப் பெயரையே இரண்டாக உடைக்கிறார்.

பத்து இடங்கள் கொண்ட பான் எண், எண்ணும் எழுத்தும் கலந்த நல்ல கலவை. முதலில் ஐந்து எழுத்து, பிறகு நான்கு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. தனிநபர் பானில் ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதல் எழுத்து. கும்பகோணத்துக்காரரின் பானில் அது அவருடைய அப்பாவைக் குறிக்கலாம். பானையும் ஆதாரையும் இணைக்க வேண்டும் என்று 2017ல் சட்டம் வந்தபோது இந்தப் பழைய சமாளிப்புகள் எல்லாம் வெளியே வந்தன. ஓர் ஆவணத்தில் இனிஷியல், மற்றொன்றில் முழுப் பெயர். மனிதர் ஒருவர், கம்ப்யூட்டருக்கு இருவர். விலக்குப் பெற்றவர்கள் தவிர, இணைக்காமல் விட்டவர்களின் பான் 2023 ஜூலை 1 முதல் செயலற்றதாக அறிவிக்கப்பட்டது.

ஒற்றைப் பெயர் கொண்ட பாஸ்போர்ட்டோடு அமெரிக்கா போகிறவருக்கு வேறொரு பட்டம் காத்திருக்கிறது. விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்ற மூன்றெழுத்து. முதற்பெயர் தெரியாதவர் என்று அர்த்தம். கட்டங்களை வடிவமைக்கும் தொழிலுக்காகவே பெங்களூருவிலிருந்து கடல் கடக்கும் எஞ்ஜினீயரும் இதற்கு விலக்கல்ல.

சோதனையே வேண்டாமா?

அப்படியும் சொல்ல முடியாது. எண் கேட்ட கட்டத்தில் தகவல் களஞ்சியத்துக்குரிய கட்டளைகளை எழுத்தாகத் திணித்து, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே இழுக்கும் திருட்டு முறை 1998லேயே பகிரங்கமாக விவரிக்கப்பட்டுவிட்டது. இன்றும் அது ஓயவில்லை. வாசலில் காவல் இல்லாத வீட்டில் யாரும் நுழையலாம். ஆனால் காவலாளிக்கு வீட்டுக்காரர்களை அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கான வழிகளில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கூட்டிக் கழிக்காத எண்களை எழுத்தாகவே சேமிக்கலாம். சர்வே எண்ணுக்குச் சாய்கோடும் எழுத்தும், பெயருக்குப் புள்ளியும் இடைவெளியும் ஒற்றைப் பெயரும் அனுமதிக்கலாம். நான்கு இலக்கத்துக்கு ஒரு இடைவெளி விட்டு ஆதார் எண்ணைத் தட்டினால், அட்டையில் அச்சிட்டிருப்பதே அப்படித்தான் என்பதால், இடைவெளியைப் புரோகிராமே நீக்கிக்கொள்ளலாம். இந்திய லிபிகளின் குறிகளை எழுத்தின் பகுதியாக எண்ணும்படி விதி எழுதலாம். 'செல்லாது' என்று மட்டும் சொல்லாமல், எந்த இடத்தில் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று படிப்பவரின் மொழியில் சொல்லலாம்.

இவற்றில் பலவற்றுக்கு ஓரிரு வரி புரோகிராம் போதும். ஆனால் அந்த வரிகளைக் கட்டத்தை நிரப்புகிறவர் எழுத முடியாது. அவர் கையில் இருப்பது அவருடைய பெயரும் அவருடைய எண்ணும் மட்டும்தான். அவை பிறப்பிலும் பத்திரத்திலும் வந்தவை. திரைக்காக மாற்றிக்கொள்ளக் கூடியவை அல்ல. மாற்றக்கூடிய பக்கம் பெங்களூருவின் மேஜைகளில் இருக்கிறது.